முற்போக்குச் சீர்திருத்தங்கள் கறுப்பினத்தவரை எட்டாதது ஏன்?

வினா: உயர்தர மாணவி, கோண்டாவில்

அமெரிக்காவில் 1900 தொடக்கம் 1920 வரை நிகழ்ந்த சீர்திருத்தங்கள் பற்றி ஒப்படை ஒன்று எழுதுகிறேன். மாநிலச் சட்டசபைகள் தெரிந்தனுப்பிய செனற்றர்களை (நாடாளுமன்ற மேலவை உறுப்பினர்களை) மக்களே நேரடியாகத் தெரிவுசெய்ய வழிவகுத்த 17ஆம் யாப்புத் திருத்தம் 1913இல் நிறைவேறியது. அதே ஆண்டில் ஜனாதிபதி வில்சனின் நிர்வாகம் அஞ்சல், திறைசேரித் திணைக்களங்களில் கறுப்பின ஊழியர்களை வெள்ளையரிடமிருந்து பிரித்து அமர்த்தத் தொடங்கியது. இதனை வெறும் முரண் என்று எழுதினால் போதுமா?

பதில்: ஓய்வுபெற்ற ஆசிரியர், வட்டுக்கோட்டை

போதாது, பிள்ளை. சீர்திருத்தத்தின் கருவிகளே ஒதுக்கலுக்கும் பயன்பட்டதைக் காட்டவேண்டும். கட்சியின் வேட்பாளரை வாக்காளரே தெரிவுசெய்யும் முதனிலைத் தேர்தலைப் பாருங்கள்: கட்சிப் பெரியவர்கள் மூடிய அறைக்குள் வேட்பாளரை நியமித்த வழக்கத்தை உடைப்பதற்காக விஸ்கொன்சின் மாநிலத்தில் ஆளுநர் ரொபேட் லா ஃபொலெற் போராடிப் பெற்ற முறை அது. தெற்கு மாநிலங்களிலோ ஜனநாயகக் கட்சியின் முதனிலையில் வென்றவரே பொதுத் தேர்தலிலும் வெல்வார் என்ற நிலை இருந்தமையால், அந்த முதனிலையை வெள்ளையருக்கு மட்டும் உரியதாக்கியதும், வாக்குரிமைத் தடைகளிலிருந்து எப்படியோ தப்பிப் பிழைத்திருந்த கறுப்பின வாக்கும் பெறுமதி இழந்தது. ரெக்சாஸ் 1923இல் இதைச் சட்டமாகவே எழுதியது. உயர் நீதிமன்றம் 1927இல் அச்சட்டத்தைத் தள்ளிய பின்னரும், கட்சியின் சொந்த விதி என்ற போர்வையில் அவ்வழக்கம் 1944 வரை நீடித்தது. 17ஆம் திருத்தத்தையும் கவனமாக வாசியுங்கள். செனற்றரைத் தெரிவுசெய்யும் உரிமை வாக்காளருக்குப் போனது, ஆனால் வாக்காளர் யார் என்ற தீர்மானம் பெரும்பாலும் மாநிலங்களின் கையிலேயே இருந்தது.

பதில்: வாசகி, நல்லூர்

பெண்களின் வாக்குரிமை இயக்கத்தையும் சேருங்கள். வில்சன் பதவியேற்பதற்கு முதல்நாள், 1913 மார்ச் 3ஆந் திகதி, வொசிங்டனில் நடந்த ஊர்வலத்தில் கறுப்பினப் பத்திரிகையாளர் ஐடா பி. வெல்ஸைப் பின்வரிசைக்குப் போகச் சொன்னார்கள். அவர் மறுத்து, இடைவழியில் புகுந்து, தம் இலினோய் மாநிலக் குழுவுடனேயே நடந்தார்.

பதில்: தொழிற்சங்க ஊழியர், கிளிநொச்சி

இருந்தாலும் அக்காலத்தை முற்றாகக் கறுப்பாகத் தீட்டிவிடாதீர்கள். நியூயோர்க்கில் 1911 மார்ச் 25ஆந் திகதி ட்ரையாங்கிள் ஆடைத் தொழிற்சாலையில் தீப்பற்றியபோது, வெளிவாசற் கதவொன்று பூட்டப்பட்டிருந்த அக்கட்டடத்தில் 146 பேர் மாண்டனர். பெரும்பாலோர் குடியேறிய குடும்பங்களின் இளம் பெண்கள். தொடர்ந்த விசாரணைகளிலிருந்து தீப்பாதுகாப்புக்கும் வேலைநேரத்துக்கும் சட்டங்கள் பிறந்தன. ஆடைத் தொழிற்சாலைப் பிள்ளைகளோடு பழகும் எனக்கு அது சிறிய விடயமாகத் தெரியவில்லை. ஆனால் அச்சட்டங்கள் தொழிற்சாலைக்கென எழுதப்பட்டவை. தெற்கின் கறுப்பினத்தவரில் மிகப் பெரும்பாலோர் வயலிலும் பிறர் வீட்டு அடுக்களையிலும் உழைத்தபடியால், அந்தப் பாதுகாப்பு அவர்களுக்குக் கிடைக்கவில்லை.

பதில்: ஓய்வுபெற்ற ஆசிரியர், வட்டுக்கோட்டை

கிளிநொச்சி நண்பர் சொன்னதை ஏற்கிறேன். இதை அமெரிக்கருக்கே உரிய குறையாகவும் எழுதிவிடாதீர்கள், பிள்ளை. அதே 1913இல் மருதனார்மடத்தில் பெண்களுக்கெனக் கல்லூரி திறந்த சேர் பொன்னம்பலம் இராமநாதன்தான், பின்னர் இலங்கையின் யாப்பை ஆராய வந்த டொனமூர் ஆணைக்குழு சர்வசன வாக்குரிமையை முன்மொழிந்தபோது அதைக் கடுமையாக எதிர்த்தார்.