தானிய வண்டுக்கு ரேடியோ அலைச் சூடு: புகைமூட்டத்துக்கு மாற்றாகுமா?

அலைவரிசை:
தார்ப்பாய் போர்த்தி, நச்சுப்புகை விடும் பாஸ்பீன் மாத்திரை வைத்து, நாள்கணக்கில் காத்திருந்தும் வண்டு சாகவில்லை என்ற புலம்பல் எல்லா இடத்திலும் கேட்கிறது. எதிர்ப்புத்திறன் அந்த அளவுக்கு வளர்ந்துவிட்டது. 27.12 மெகாஹெர்ட்ஸ் ரேடியோ அலையில், இரண்டு உலோகத் தட்டுகளுக்கு நடுவே சரக்கை ஓட்டினால் சில நிமிடங்களில் உள்ளேயும் சூடேறிவிடும். வால்நட்டில் செய்த ஆய்வுகளில் 55 டிகிரியில் 5 நிமிடம் வைத்ததற்கே ஓட்டுக்குள் இருந்த புழு செத்தது. நச்சு எச்சமும் கிடையாது.

கிடங்குக்கணக்கு:
எச்சம் இல்லை என்றால் காவலும் இல்லை. அடுத்த வாரமே புது வண்டு ஏறும்.

அலைவரிசை:
பாஸ்பீனும் காற்றோடு போய்விடுகிறதே, அது மட்டும் காவல் காக்கிறதா?

கிடங்குக்கணக்கு:
சரி, அதை விடுங்கள். சூடு எங்கும் ஒரே சீராக ஏறுமா? ஓரத்திலும் மூலையிலும் மின்புலம் குவிந்து சரக்கு கருகும். நடுவில் வண்டு சுகமாக இருக்கும். ஈரமான இடம் ஆற்றலை அதிகமாக இழுக்கும், சூடேற ஏற இன்னும் இழுக்கும். அப்புறம், புகை கிடங்கு முழுவதும் தானாகப் பரவுகிறது. இதில் ஒவ்வொரு தானிய மணியும் இயந்திரத்துக்குள் போய் வர வேண்டும்.

அலைவரிசை:
அதற்காகத்தான் சுற்றிலும் வெப்பக்காற்றை விட்டு, நடுவில் ஒருமுறை கிளறிவிடுகிறார்கள். 2450 மெகாஹெர்ட்ஸ் மைக்ரோவேவுக்கு அலைநீளம் சுமார் 12 சென்டிமீட்டர்தான், இதற்கு 11 மீட்டர். அதனால் தடிமனான அடுக்கிலும் ஆழமாக இறங்கும். இன்னொரு புகைமூட்ட மருந்தான மெத்தில் புரோமைடு கதையும் தெரியுமே, அது ஓசோன் படலத்தைக் கெடுக்கும். ஓசோனைக் காக்கும் மான்ட்ரியல் உடன்படிக்கைப்படி வளர்ந்த நாடுகள் 2005-லும் மற்றவை 2015-லும் நிறுத்தியாக வேண்டியிருந்தது.

கிடங்குக்கணக்கு:
ஏற்றுமதிக்கு முந்தைய பூச்சி ஒழிப்புக்கும் குவாரன்டைனுக்கும் அதில் விலக்கு உண்டு என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். ஏன் விலக்கு? அந்த அளவுச் சரக்குக்கு ஈடான மாற்று இல்லை.

விதைப்பெட்டி:
குறுக்கே வருகிறேன். விதைக்கு இது ஆகுமா?

அலைவரிசை:
விதை நன்றாகக் காய்ந்திருந்தால் தாங்கும். ஈரம் கூடினால் முளைப்புத்திறன் அடிவாங்கும். முதலில் சிறிதளவு போட்டு முளைக்கவைத்துப் பாருங்கள்.

கிடங்குக்கணக்கு:
நோய்க்கிருமிக்கும் இதே 55 டிகிரி போதும் என்று யாரும் கிளம்பிவிட வேண்டாம். காய்ந்த பொருளில் சால்மோனெல்லா மகா பிடிவாதம். 70, 80 டிகிரி என்று போக வேண்டும். பாதாம் போன்ற எண்ணெய்ப் பருப்பை அவ்வளவு சூட்டில் அதிக நேரம் வைத்தால் சிக்கு வாடை வந்துவிடும்.

அலைவரிசை:
நேரத்தைக் குறைக்கத்தானே வேகமாகச் சூடேற்றுகிறோம்! சூடேற்றியதும் உடனே ஆறவைக்க வேண்டும். சூட்டோடு மூட்டை கட்டினால் உள்ளே வியர்த்துப் பூஞ்சணம் பிடிக்கும்.

கிடங்குக்கணக்கு:
ஆக, ஆறவைக்கவும் தனியாக ஒரு இயந்திரம். அதற்கான மின்சாரத்தையும் உங்கள் கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள்.