பார்டர் கோலி நாய் பிள்ளைகளின் குதிகாலைக் கவ்வுகிறாள், என்ன செய்வது?

கேள்வி (கோத்தகிரி):
14 மாதக் குட்டி. தேயிலைத் தோட்டப் பாதையில் தினமும் ஒரு மணி நேரம் ஓடவிட்டும் அடங்குவதில்லை. பிள்ளைகள் ஓடினால் தலையைத் தாழ்த்திப் பதுங்கி வந்து கவ்வுகிறாள். ஒருநாள் அடித்துவிட்டேன், மனசு கேட்கவில்லை.

பதில் (கொடைக்கானல்):
இனி அடிக்காதீர்கள் அக்கா. அது கோபமில்லை, இங்கிலாந்து ஸ்காட்லாந்து எல்லைப் பகுதியில் ஆடு மடக்கவே வளர்த்த இனம், முறைப்பதும் பதுங்குவதும் துரத்துவதும் ரத்தத்தில் ஊறியது. ஓட்டத்தை மட்டும் கூட்டினால் தெம்புதான் கூடும், மூளைக்கு வேலை வேண்டும். நான் என் நாய்க்கு வேகவைத்த கோழித்துண்டுகளைப் பழைய சாக்கு மடிப்புகளில் ஒளித்து வைப்பேன். மூக்கை நுழைத்துத் தேடித் தின்றுவிட்டு, அப்புறம் அடுப்படியில் சுருண்டு படுத்துவிடுவான்.

பதில் (குன்னூர்):
பதுங்கத் தொடங்கும்போதே கூப்பிடுங்கள், திரும்பினால் உடனே தீனி. கவ்வியபிறகு கூப்பிட்டுப் பயனில்லை. பழகும்வரை பிள்ளைகள் விளையாடும்போது கயிற்றில் இருக்கட்டும். அந்தி சாய்ந்தால் தோட்டத்தில் அவிழ்த்துவிடாதீர்கள், சிறுத்தை வரும்.

கேட்டவர்:
சரி, இன்றைக்கே சாக்கு எடுக்கிறேன்.