(2023 பதிவு) சென்னை பறக்கும் ரயில் சிந்தாதிரிப்பேட்டையோடு நிற்கிறது, மண்ணடி போக வழி சொல்லுங்கள்

வணக்கம். அப்பாவுக்காகக் கேட்கிறேன். அவருக்கு 63 வயது, மண்ணடியில் ஒரு பேப்பர் கடையில் கணக்கு எழுதுகிறார். திருவான்மியூரில் பறக்கும் ரயில் ஏறினால் நேராகக் கடற்கரை நிலையம், அங்கிருந்து மெதுவாக நடந்து கடைக்குப் போய்விடுவார்.

கடற்கரை – எழும்பூர் நான்காவது ரயில் பாதை வேலைக்காக 2023 ஆகஸ்ட் 27 முதல் ரயில் சிந்தாதிரிப்பேட்டையோடு திரும்பிவிடுகிறது. ஏழு மாதம் என்று அறிவித்திருக்கிறார்கள். எழும்பூர் வரும் ரயில்களுக்கு அந்தப் பாதை தேவைதான், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அப்பாவுக்கு முழங்கால் வலி. முதல் வாரம் பஸ் மாறிப் போனவர் இரவு காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார், பார்க்கவே கஷ்டமாக இருந்தது.

சிந்தாதிரிப்பேட்டையில் இறங்கி, அரசினர் தோட்டம் மெட்ரோவில் ஏறினால் சென்ட்ரல், உயர் நீதிமன்றம் தாண்டி மண்ணடி வந்துவிடும். இந்த வழியில் தினமும் போகிறவர்கள் யாராவது இருக்கிறீர்களா? இரண்டு நிலையத்துக்கும் நடுவே எவ்வளவு நேரம் நடக்க வேண்டும், சாலையைக் கடக்க வேண்டுமா, ஷேர் ஆட்டோ கிடைக்குமா? படி ஏறாமல் லிஃப்டிலேயே போக முடிந்தால் எந்த வாசல் என்றும் சொல்லுங்கள்.

இல்லை, திருவான்மியூரிலிருந்து பாரிமுனைக்கு நேர் பஸ்ஸே மேல் என்றால், காலை எட்டு மணிக்கு உட்கார இடம் கிடைக்கிற பஸ் எது? அப்புறம், கடற்கரை வரை எடுத்த சீசன் டிக்கெட்டை என்ன செய்தீர்கள்?

வேலையை விடச் சொன்னால் அப்பா கேட்க மாட்டார். தெரிந்தவர்கள் சொன்னால் பெரிய உதவி.