மனநலச் சேவை நாய்க்குச் சான்றிதழ் தேவையா?

கேள்வி:
அமெரிக்கப் படையில் பணியாற்றித் திரும்பிய என் தம்பிக்கு, அதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்தக் கோளாறு இருப்பதாக மருத்துவர் உறுதி செய்திருக்கிறார். இரவில் அவன் அலறி எழும்போதெல்லாம் எங்கள் லாப்ரடார் ஓடிப்போய் அவனை ஒட்டிப் படுத்துக்கொள்கிறது. இணையத்தில் பணம் கட்டி, சேவை நாய் என்று சான்றிதழ் வாங்கிவிட்டால், நாயைக் கடைகளுக்குள் அழைத்துச் செல்ல முடியுமா?

பதில் 1:
தயவுசெய்து அந்தப் பணத்தைக் கட்டாதீர்கள். 1990ஆம் ஆண்டின் அமெரிக்க மாற்றுத்திறனாளிகள் சட்டம் எந்தப் பதிவையும் கேட்பதில்லை. மாறாக, 2011 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த விதிகளின்படி, இயலாமையோடு தொடர்புடைய ஒரு பணியைச் செய்யப் பயிற்றுவிக்கப்பட்ட நாயே சேவை நாய். அருகில் இருந்து ஆறுதல் தருவது மட்டும் பணியாகாது. கெட்ட கனவிலிருந்து எழுப்புவதற்கும் விளக்கைப் போடுவதற்கும் பழக்கினால் அது பணியாகும். பயிற்சியை நீங்களே அளிக்கலாம். தேவை வெளிப்படையாகத் தெரியாதபோது, அது இயலாமைக்குத் தேவையான சேவை நாயா, எந்தப் பணிக்குப் பயிற்சி பெற்றது என்ற இரண்டை மட்டுமே ஊழியர்கள் கேட்கலாம். நோயின் பெயரைக் கேட்கக் கூடாது.

பதில் 2:
பதற்றத்தில் நான் என் கையைக் கீறத் தொடங்கினால், என் நாய் விரல்களுக்கடியில் மூக்கை நுழைத்துத் தடுக்கும். மளிகைக் கடையில் காலடியில் ரொட்டித் துண்டு விழுந்தாலும் குனியாமல் நிற்க அதற்குப் பல மாதங்கள் ஆயின. கட்டுக்கடங்காமல் குரைத்தாலோ, உள்ளே அசுத்தம் செய்தாலோ, உண்மையான சேவை நாயையும் வெளியேற்றச் சட்டம் இடம் தருகிறது. பயிற்சியில்லாத நாய்களுக்குச் சேவை நாய் மேலங்கி மாட்டிக் கூட்டிவருபவர்களால், எங்களைப் போன்றவர்கள் வாசலிலேயே சந்தேகப் பார்வையைச் சந்திக்கிறோம்.

பதில் 3:
விமானத்திற்கு விதி வேறு. 2021 ஜனவரி முதல், ஆறுதலுக்கான விலங்குகளைச் சேவை விலங்காக ஏற்க வேண்டிய கட்டாயம் நிறுவனங்களுக்கு இல்லை.