டிரான்ஸ்வெல்லில் நியூட்ரோபில் ஐஎல்-8 பக்கம் நகரவில்லை: கீமோகைன் கெட்டுவிட்டதா?

காலாப்பட்டு_செல்:
டிரான்ஸ்வெல் (துளையுள்ள சவ்வு மேல், கீழ் எனப் பிரிக்கும் குழிகள்) 24 குழித் தட்டு, 3 மைக்ரான் துளை. கீழே 600 மைக்ரோலிட்டரில் ஐஎல்-8 (சிஎக்ஸ்சிஎல்8; செல்களைத் தன் பக்கம் ஈர்க்கும் கீமோகைன் புரதம்), மில்லிலிட்டருக்கு 500 நானோகிராம். மேலே 100 மைக்ரோலிட்டரில் 2 லட்சம் நியூட்ரோபில்கள் (ஒரு வகை வெள்ளை ரத்த அணு). 37 டிகிரியில் 1 மணி நேரம். வெறும் பஃபர் வைத்த குழியிலும் இதே அளவு செல்கள்தான் இறங்குகின்றன. ரத்தம் கடலூரிலிருந்து ஐஸ் பெட்டியில் வருகிறது. புதுக் குப்பி வாங்கவா?

கோரிமேடு_இம்யூனோ:
அவசரப்பட்டு வாங்காதீர்கள், அளவைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். கீமோகைன் கூடினால் நகர்வும் கூடிக்கொண்டே போகாது. ஓர் உச்சத்துக்குப் பிறகு சரியும். 500 நானோகிராமில், ஐஎல்-8-ஐ உணரும் சிஎக்ஸ்சிஆர்1, சிஎக்ஸ்சிஆர்2 ஏற்பிகள் மேற்பரப்பிலிருந்து உள்ளே இழுக்கப்பட்டு, செல் திசையறிய முடியாமல் நின்றுவிடும். மில்லிலிட்டருக்கு 1, 3, 10, 30, 100 நானோகிராம் என வைத்துப் பாருங்கள். உச்சம் பெரும்பாலும் 10-க்கும் 100-க்கும் நடுவில் விழும்.

பஃபரில் 0.1 முதல் 0.5 சதவீதம் பிஎஸ்ஏ (மாட்டு ரத்த அல்புமின் புரதம்) இருக்கிறதா? 8 கிலோடால்டன் அளவுள்ள ஐஎல்-8 என்ற சின்னப் புரதம் பிளாஸ்டிக்கில் ஒட்டிக்கொள்ளும். பிஎஸ்ஏ இல்லையென்றால் குழியில் உண்மையில் எவ்வளவு மிஞ்சியது என்றே தெரியாது. கரைத்த ஐஎல்-8-ஐச் சிறு பங்குகளாக உறைய வையுங்கள். ஒரு முறை உருகியதைத் திரும்ப உறைய வைக்க வேண்டாம்.

தனியாக ஒரு குழியில் எஃப்எம்எல்பி (நியூட்ரோபிலை ஈர்க்கும் ஒரு சிறு பெப்டைடு) 10 நானோமோலார் போடுங்கள். அது கீமோகைன் அல்ல, ஏற்பியும் வேறு. அதை நோக்கியும் நகராவிட்டால் கோளாறு செல்களில்தான்.

மஞ்சக்குப்பம்_லேப்:
அந்த ஐஸ் பெட்டிதான் எனக்கு உறுத்துகிறது. நியூட்ரோபிலைக் குளிர வைத்துத் திரும்பச் சூடாக்கினாலே அது கிளர்ந்துவிடும். அதற்காக மே மாத வெயிலில் வண்டி டிக்கியிலும் வைக்க முடியாது. ஐஸ் இல்லாத தெர்மோகோல் பெட்டியில் 20–25 டிகிரியில் கொண்டுவந்து, எடுத்த சில மணி நேரத்துக்குள் பிரித்துவிடுங்கள். வோர்டெக்ஸ் (வேகமாகச் சுழற்றிக் கலக்கும் கருவி) வேண்டவே வேண்டாம். ஃப்ளோ சைட்டோமெட்ரியில் செல் மேற்பரப்புப் புரதங்களான சிடி62எல் குறைந்து சிடி11பி ஏறியிருந்தால், தட்டில் போடும் முன்பே செல்கள் கிளர்ந்துவிட்டன என்று அர்த்தம். பிரிக்கும்போது கால்சியம் இல்லாத பஃபர் நல்லது. சோதனையில் கால்சியமும் மக்னீசியமும் இருக்க வேண்டும்.

கோரிமேடு_இம்யூனோ:
எண்ணும் விதத்தையும் பாருங்கள். துளையைக் கடந்த செல்கள் சவ்வின் அடிப்பக்கத்திலேயே ஒட்டி நிற்கும். கீழ்த் திரவத்தை மட்டும் எண்ணினால் அவை கணக்கில் வராது. முடிவில் கீழே 5 மில்லிமோலார் இடிடிஏ (கால்சியத்தைப் பிடித்துக்கொண்டு ஒட்டலை விடுவிக்கும் வேதிப்பொருள்) சேர்த்து 10 நிமிடம் ஐஸில் வைத்து, தட்டிவிட்டு எண்ணுங்கள். நகர்வு தெரிய ஆரம்பித்ததும் மேலேயும் கீழேயும் ஒரே செறிவில் ஐஎல்-8 வைத்த குழி ஒன்று கட்டாயம் வேண்டும். அதிலும் அதே அளவு இறங்கினால் அது திசையில்லாத வெறும் அலைச்சல், ஈர்ப்பு இல்லை.

காலாப்பட்டு_செல்:
பிஎஸ்ஏ போடவில்லை. இதே செல்களில் இன்னொரு கீமோகைனான சிசிஎல்2-வும் பார்க்கலாமா?

மஞ்சக்குப்பம்_லேப்:
வேண்டாம். அதன் ஏற்பி சிசிஆர்2, ஓய்வில் உள்ள நியூட்ரோபிலில் மிகக் குறைவு. மோனோசைட் (வேறொரு வெள்ளை ரத்த அணு) எடுங்கள், 5 மைக்ரான் துளை, 90 நிமிடமாவது விடுங்கள்.