மும்பை மாட்டுங்காப் பழைய கட்டடத்தைத் தனித்தனி வீடுகளாகப் பிரிப்பது: கேட்டிருந்தவர்களுக்கு

சங்கத்து உறவுகள் எல்லோருக்கும் வணக்கம்.

தாத்தா காலத்துக் கட்டடத்தை இடிக்காமல், ஆளுக்கொரு வீடாகப் பிரித்துப் பத்திரம் போட முடியுமா என்று சிங்கப்பூரிலிருந்தும் துபாயிலிருந்தும் கேட்டிருக்கிறீர்கள். முடியும். ஆனால் பெரும்பாலோர் ஆர்க்கிடெக்டிடம் பிளான் வாங்கிக்கொண்டு அப்புறம்தான் வக்கீலிடம் போகிறார்கள். அது தலைகீழ். எது ஒருவருக்குத் தனிச் சொத்து, எது எல்லோருக்கும் பொது என்பதை முதலில் எழுத்தில் முடிவு செய்துவிட்டு, அதற்கேற்பப் பிளான் போட வேண்டும்.

முதலில் நிலம். மாட்டுங்கா, தாதர் பக்கத்து மனைகளில் பல, 1896 பிளேக்குக்குப் பிறகு 1898-ல் அமைந்த பம்பாய் இம்ப்ரூவ்மென்ட் டிரஸ்ட் பிரித்துக் குத்தகைக்குக் கொடுத்தவை. டிரஸ்டின் இடத்தில் இன்று மாநகராட்சி இருக்கிறது. பிராப்பர்ட்டி கார்டையும் (அரசின் நில உரிமைப் பதிவு) மூலக் குத்தகைப் பத்திரத்தையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, கைமாற்றம் பற்றிய ஷரத்துகளை வரிவரியாகப் படியுங்கள். குத்தகை நிலமென்றால் மாநகராட்சியின் எஸ்டேட் துறையைத் தாண்டி எதுவும் நடக்காது.

அடுத்தது பகடிக் குடித்தனக்காரர்கள், அதாவது மொத்தமாக ஒரு தொகை கொடுத்துவிட்டுக் குறைந்த வாடகையில் காலங்காலமாக இருப்பவர்கள். 1999 வாடகைச் சட்டம் அவர்களுக்குப் பலமான பாதுகாப்பு. 1969 செப்டம்பர் 30-க்கு முன் கட்டிய செஸ் கட்டடமென்றால் (ரிப்பேர் வரி கட்டும் கட்டடம்) மாநில வீட்டுவசதி அமைப்பான மாடாவின் ரிப்பேர் போர்டுக்கும் அதில் பங்கு உண்டு. ஒவ்வொரு குடித்தனக்காரரோடும் ஒன்று பணம் கொடுத்து, குடியிருக்கும் உரிமையை விட்டுக்கொடுக்கும் சரண்டர் பத்திரம், இல்லையென்றால் அவருக்கே ஒரு வீடு. நடுவழி கிடையாது. ஒருவரை அப்படியே விட்டுவிட்டுப் பிரித்தால், அந்த வீட்டை எடுக்கும் தம்பி குடித்தனக்காரரையும் சேர்த்துத்தான் எடுக்கிறார். எந்த வங்கியும் அதற்குக் கடன் தராது.

ஹெரிடேஜ், அதாவது பாரம்பரியக் கட்டடப் பட்டியல் விஷயத்தில் வீண் பயம் அதிகம். மும்பையின் 2034 வளர்ச்சி விதிகளில் 52-வது விதி இதற்கானது. முதல் கிரேடு என்றால் பலப்படுத்தும் வேலையைத் தவிர உள்ளேயும் வெளியேயும் கை வைக்க முடியாது. இரண்டாம் கிரேடில் உள்மாற்றத்துக்கு இடமுண்டு, முகப்பு அப்படியே நிற்க வேண்டும். மூன்றாம் கிரேடில் இன்னும் தாராளம். உங்கள் கட்டடம் பட்டியலில் இல்லாவிட்டாலும் தெருவே ஹெரிடேஜ் பகுதிக்குள் வரலாம். அதனால் மாநகராட்சியிடம் எழுத்துபூர்வமாக ஹெரிடேஜ் ரிமார்க்ஸ் வாங்கிய பிறகு ஆர்க்கிடெக்டுக்கு முன்பணம் கொடுங்கள்.

இனி முக்கியமான பத்திரம். மும்பையில் வழக்கம் சொசைட்டி, அதாவது வீட்டுவசதிக் கூட்டுறவுச் சங்கம். அதில் நிலமும் கட்டடமும் சொசைட்டி பேருக்குப் போகும், நீங்கள் பங்குதாரர். ஆளுக்கொரு தெளிவான உரிமை வேண்டுமென்றால் 1970-ஆம் ஆண்டு மகாராஷ்டிர அபார்ட்மென்ட் உரிமைச் சட்டம்தான் பொருத்தம். ஐந்து வீடாவது இருக்க வேண்டும். வாரிசுகள் அத்தனை பேரும் சேர்ந்து கையெழுத்திட்டு, கட்டடத்தை இந்தச் சட்டத்தின் கீழ் கொண்டுவரும் ஒரு டிக்ளரேஷன் பதிவு செய்ய வேண்டும். ஒரு அத்தை மட்டும் கையெழுத்துப் போடவில்லையென்றாலும் செல்லாது. பிறகு ஒவ்வொரு வீட்டுக்கும் தனி அபார்ட்மென்ட் பத்திரம்.

டிக்ளரேஷனில் ஒவ்வொரு வீட்டுக்கும் நிலத்திலும் பொதுப் பகுதியிலும் இத்தனை சதவீதப் பிரிபடாப் பங்கு என்று எழுதுவீர்கள். இது பரப்பளவை வைத்து அல்ல, மதிப்பை வைத்து. ரோட்டைப் பார்த்த முதல் மாடி வீடும், பின்பக்கத் தரைத்தள வீடும் ஒரே அளவென்றாலும் சதவீதம் ஒன்றாக வராது. பின்னால் மாற்ற வேண்டுமென்றால் எல்லா உரிமையாளரும் ஒப்புக்கொள்ள வேண்டும், அதாவது மாறவே மாறாது. ஆகவே பதிவு பெற்ற மதிப்பீட்டாளரின் அறிக்கையை அதோடு இணையுங்கள். அண்ணன் தம்பி மூவருக்கும் சம பாகம் என்பதற்காகச் சதவீதத்தை வளைக்காதீர்கள். வீடுகளின் மதிப்பில் வரும் வித்தியாசத்தைப் பணமாகத் தீர்த்துக்கொள்வதே சுத்தம்.

பொதுப் பட்டியலில் கட்டாயம் சேர்க்க வேண்டியவை: வெளிச்சுவர், ஜன்னல் சட்டங்கள், பால்கனிக் கிராதி, கார்னிஸ், தேக்கு உத்தரங்கள், செங்குத்துக் குழாய்கள் அனைத்தும். ஜன்னலைத் தனிச் சொத்தாக எழுதிவிட்டால் அடுத்த தீபாவளிக்குள் யாராவது ஒருவர் அலுமினிய ஸ்லைடிங் போடுவார். ஹெரிடேஜ் நோட்டீஸ் எல்லோர் பேருக்கும் வரும். ஏ.சி. வெளி யூனிட் எங்கே உட்கார வேண்டும் என்பதையும் பைலாவிலேயே (கட்டடத்தின் உள்விதிகள்) எழுதுங்கள். இன்னொன்று பலரும் மறப்பது: எதிர்காலத்தில் எஃப்.எஸ்.ஐ.யோ (மனையில் கட்ட அனுமதிக்கும் பரப்பு) டி.டி.ஆரோ (வேறிடத்துக்கு மாற்றக்கூடிய கட்டும் உரிமை) கிடைத்தால் அது யாருக்கு என்று ஒரு வரி. அது இல்லாமல் போனால் பேரப்பிள்ளைகள் கோர்ட்டில் சந்திப்பார்கள்.

பரப்பளவிலும் ஏமாற வேண்டாம். பழைய சுவர் 450 மில்லிமீட்டர் தடிமன். வெளியே 10-க்கு 10 மீட்டர் என்றால் உள்ளே 9.1-க்கு 9.1, அதாவது 100 சதுர மீட்டரில் கையில் கிடைப்பது சுமார் 83. ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டமான ரெராவின் கார்ப்பெட் (உட்பரப்பு) கணக்கில் வெளிச்சுவர் சேராது. விற்கும்போது இந்த எண்தான் பேசும். வெளியாருக்கு விற்கப் போகிறீர்கள் என்றால், நிலம் 500 சதுர மீட்டருக்குள்ளோ வீடுகள் எட்டுக்கு மேற்படாமலோ இருந்தால் ரெரா பதிவு தேவையில்லை.

கட்டட வேலையில் தொண்ணூறு சதவீதத் தலைவலி பாத்ரூம்தான். பழைய அமைப்பில் கக்கூஸ் எல்லாம் பின்பக்கம் ஒரே வரிசையில் இருக்கும். தனித்தனி வீடானதும் ஒவ்வொருவரும் படுக்கையறைக்குள் ஒன்று கேட்பார்கள். கான்ட்ராக்டர் வழக்கப்படி 300 மில்லிமீட்டர் பள்ளம் வைத்து பிரிக்பேட் கோபாவால் (செங்கல் துண்டும் சிமென்ட் கலவையும்) நிரப்பினால், சதுர மீட்டருக்கு 500 கிலோவுக்கு மேல் பாரம் ஏறும். குடியிருப்புத் தளத்துக்கு இந்தியத் தரநிலை ஐ.எஸ். 875 சொல்லும் பயன்பாட்டுப் பாரமே சதுர மீட்டருக்கு 200 கிலோதான். தேக்கு உத்தரமும் பலகையுமான தளம் இதைத் தாங்காது. உடனே விழாது, மெல்லத் தொய்யும், கீழ்வீட்டுக் கதவுகள் சிக்க ஆரம்பிக்கும். பள்ளம் வைக்காமல் குழாயைத் தளத்துக்கு அடியில் தொங்கவிட்டு ஃபால்ஸ் சீலிங்கால் மறைப்பதே வழி. 100 மில்லிமீட்டர் மலக்குழாய்க்கு 40-க்கு 1 சரிவு வேண்டும்: நான்கு மீட்டர் ஓடினால் 100 மில்லிமீட்டர் இறங்கும். ஆக ஷாஃப்டிலிருந்து (செங்குத்துக் குழாய்கள் இறங்கும் இடம்) நான்கு மீட்டருக்குள் பாத்ரூமை அடக்குங்கள், மாடிக்கு மாடி ஒன்றன்மேல் ஒன்றாக. இந்தத் தொங்கும் குழாய் மேல்வீட்டாருடையது, இருப்பதோ கீழ்வீட்டு சீலிங்கில். பழுது பார்க்க உள்ளே வரும் உரிமையை டிக்ளரேஷனில் எழுதாவிட்டால் முதல் கசிவிலேயே பேச்சுவார்த்தை நின்றுவிடும்.

உத்தரங்களைச் சோதிக்கும்போது நடுப்பகுதியைத் தட்டிப் பார்த்துத் திருப்திப்படாதீர்கள். சுவருக்குள் போகும் முனைதான் மக்கும். அங்கே ஒரு ஸ்க்ரூ டிரைவரை அழுத்துங்கள். வெண்ணெயில் போவது போல் இறங்கினால் அந்த முனையை வெட்டி இரும்புத் தகடு வைத்து இணைக்க வேண்டும். ஈரமானியில் 20 சதவீதத்துக்கு மேல் காட்டினால் கசிவின் மூலத்தைக் கண்டுபிடிக்கும் வரை எதையும் மூடாதீர்கள்.

சுண்ணாம்புச் சுவரில் சிமென்ட் பூசவே கூடாது. உள்ளே ஏறிய ஈரம் வெளியேற வழியின்றி செங்கல்லையே பொரியவைக்கும். இரண்டு மழைக்காலத்தில் பூச்சு பலகை பலகையாக உரிந்து விழும். சுண்ணாம்பு ஒன்றுக்கு மணலும் சுர்க்கியும் (செங்கல் பொடி) சேர்த்து இரண்டு முதல் மூன்று பங்கு, மெல்லிய அடுக்குகளாக, ஈரச்சாக்கு போட்டு. அவசரப்பட முடியாது. வெளிவேலையை மே மாதக் கடைசிக்குள் முடியுங்கள்.

1930-களின் ஆர்.சி.சி., அதாவது கம்பி போட்ட கான்கிரீட் கட்டடமென்றால் கதை வேறு. கான்கிரீட்டைக் கொத்தி, காரத்தைக் காட்டும் திரவமான ஃபினால்ஃப்தலீனைத் தெளித்துப் பாருங்கள். இளஞ்சிவப்பானால் காரத்தன்மை மிச்சமிருக்கிறது. நிறமே வராமல் கம்பி வரை போனால் கம்பிக்குக் காவல் இல்லை. அப்போது மேற்பூச்சு ரிப்பேர் காசைக் கரைப்பதுதான். தூணையும் உத்தரத்தையும் சுற்றிப் புதுக் கான்கிரீட் போடும் மைக்ரோ கான்கிரீட் ஜாக்கெட்டிங் தேவைப்படும்.

தண்ணீர்த் தொட்டிக்கு ஆறு வீடு, வீட்டுக்கு ஐந்து பேர், ஆளுக்கு 135 லிட்டர் என்றால் 4,050 லிட்டர், நான்கு டன். பழைய மரக் கூரை மேல் வைக்காமல் தனி இரும்புச் சட்டத்தில் நிறுத்துங்கள். லிஃப்டைப் பின் முற்றத்தில் வைப்பவர்கள் குழியை அஸ்திவாரத்தை ஒட்டித் தோண்ட விடாதீர்கள். ஒன்றரை மீட்டர் குழி பழைய கல் அஸ்திவாரத்துக்குக் கீழேயே போய்விடலாம். மின் மீட்டர்கள் மின்சாரம் தரும் பெஸ்ட் நிறுவனத்திடம் வீட்டுக்கு ஒன்று, தனி மீட்டர் அறையில்.

ஆண்டுப் பராமரிப்புக்குச் சொசைட்டி மாதிரி பைலாவில் உள்ள, கட்டுமானச் செலவில் 0.75 சதவீத ரிப்பேர் நிதியும் 0.25 சதவீத சிங்கிங் ஃபண்டும் (பெரிய வேலைகளுக்கான சேமிப்பு) இந்த வயதுக் கட்டடத்துக்குப் போதாது. இரட்டிப்பாக வையுங்கள், 30 ஆண்டு தாண்டிய கட்டடத்துக்கு மூன்றாண்டுக்கு ஒரு ஸ்ட்ரக்சுரல் ஆடிட் (கட்டட உறுதிச் சோதனை) உண்டு, அதன் செலவும் இதிலிருந்துதான்.

வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு: பவர் ஆஃப் அட்டர்னியை அங்கே ஹேக் உடன்படிக்கை நாடென்றால் அப்போஸ்டில் (ஆவணம் உண்மையென்று அந்நாட்டு அரசு தரும் சான்று), இல்லையென்றால் இந்தியத் தூதரகத்தில் சான்றிட்டு அனுப்புங்கள். அது இந்தியாவுக்கு வந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்ட வேண்டும். டிக்ளரேஷன் பதிவு, அபார்ட்மென்ட் பத்திரம், குடித்தனக்காரர் உடன்பாடு மூன்றையும் பெயர் சொல்லி எழுதுங்கள். பொதுவாக எழுதியதைச் சப்ரிஜிஸ்ட்ரார் திருப்பி அனுப்புவது சகஜம். நீங்கள் பின்னால் உங்கள் வீட்டை விற்றால், உள்நாட்டு விற்பனையாளருக்குப் பிடிக்கும் ஒரு சதவீத டி.டி.எஸ். (வாங்குபவர் பிடித்துக் கட்டும் வருமான வரி) உங்களுக்குப் பொருந்தாது. வாங்குபவர் அதிக விகிதத்தில், அதுவும் முழுத்தொகையின் மீது பிடிப்பார். அக்ரிமென்டுக்கு முன்பே வருமான வரித்துறையில் குறைந்த பிடித்தச் சான்றிதழுக்கு விண்ணப்பித்து விடுங்கள்.