நேப்பியர் பாலத்து நேப்பியர் லாகரிதம் நேப்பியரின் வம்சமா? 1683இல் மரம் அறுந்து நிற்கிறது

கூவக்கரை எழுதியது:

சென்னை நேப்பியர் பாலத்துக்குப் பெயர் தந்த பிரான்சிஸ் நேப்பியர், 1866 முதல் 1872 வரை மெட்ராஸ் கவர்னர், பத்தாவது லார்டு நேப்பியர். இவரிலிருந்து லாகரிதம் கண்ட ஜான் நேப்பியர் (1550–1617) வரை வம்சாவளி வரைந்துகொண்டிருக்கிறேன். ஆறாவது லார்டு பிரான்சிஸ் (இறப்பு 1773) வரை அப்பா, மகன் என்று ஒழுங்காக மேலேறுகிறது. அதற்கு மேல் குழப்பம்.

ஐந்தாவது இடத்தில் ஒரு பெண், மார்கரெட் பிரிஸ்பேன். நான்காவது சர் தாமஸ் நிக்கல்சன். மூன்றாவது ஆர்ச்சிபால்டு நேப்பியர், 1683இல் மணமாகாமலே இறந்தவர். ஆறாவதின் பெயரைச் சில மரங்கள் பிரான்சிஸ் ஸ்காட் என்கின்றன. நான்கு பேர், நான்கு குடும்பப் பெயர்! ஓர் இணைய மரத்தில் தாமஸ் நிக்கல்சன் மார்கரெட்டின் அப்பா, இன்னொன்றில் அண்ணன்.

பட்டம் இப்படித் தாவியது எப்படி? எந்த ஆவணத்தை வைத்து உறுதி செய்வது? பாலத்து நேப்பியர் கொழும்பில் பிறந்து அபிசீனியப் போரை நடத்தியவர் என்று ஒரு பக்கத்தில் இருக்கிறதே, சரியா?

சாசனப்பெட்டி எழுதியது:

கடைசிக் கேள்வியை முதலில் முடித்துவிடலாம். அவர் வேறு ஆள். கொழும்பில் 1810இல் பிறந்து அபிசீனியப் படையெடுப்பை நடத்தியவர் ராபர்ட் நேப்பியர், 1868இல் 'மக்தலாவின் நேப்பியர் பிரபு' ஆனவர். இருவரையும் ஒட்டவைக்கக் காரணம் உண்டு: இருவருமே தற்காலிக வைஸ்ராயாக இருந்திருக்கிறார்கள். ராபர்ட் 1863இல், எல்ஜின் பிரபு இறந்தபோது. பிரான்சிஸ் 1872இல், மேயோ பிரபு கொல்லப்பட்ட பிறகு. 'லார்டு நேப்பியர், தற்காலிக வைஸ்ராய்' என்று மட்டும் ஒரு குறிப்பு இருந்தால் ஆண்டைப் பார்க்காமல் மரத்தில் சேர்க்காதீர்கள்.

இனி பட்டம். இந்தப் பட்டம் 1627இல் உருவானது. முதல் லார்டு ஆர்ச்சிபால்டு, லாகரிதம் ஜானின் மகன். ஸ்காட்லாந்தில் அக்காலத்தில் ஒரு வசதி இருந்தது. பட்டம் வைத்திருப்பவர் அதை அரசரிடம் சரண் கொடுத்துவிட்டு, புதிய வாரிசு வரிசையோடு திரும்ப எழுதி வாங்கலாம். பழைய பட்டத்தின் மூப்பும் குறையாது. பிள்ளையில்லாத மூன்றாவது லார்டு இதைத்தான் செய்தார். 1677இல் அவர் வாங்கிய புதிய சாசனத்தில், தனக்குப் பிள்ளை இல்லாவிட்டால் பட்டம் சகோதரிகளுக்கும் அவர்கள் வழியினருக்கும் போகும் என்று எழுதப்பட்டது.

அந்த வரிசைப்படி நடந்தது இது. மூத்தவர் ஜீன், சர் தாமஸ் நிக்கல்சன் என்பவரை மணந்தவர். 1683இல் பட்டம் ஜீனின் மகனுக்குப் போனது. அவர் பெயரும் தாமஸ் நிக்கல்சன்தான். (உங்கள் இணைய மரங்கள் இந்த இரண்டு தாமஸ்களையும் கலக்கியிருக்கும்.) பையன் 1686இல் மணமாகாமல் இறந்தார். உடனே பட்டம் அம்மாவின் தங்கை மார்கரெட்டுக்கு வந்தது. ஆக தாமஸ் மார்கரெட்டுக்கு அப்பாவும் இல்லை, அண்ணனும் இல்லை, அக்காள் மகன். மார்கரெட்டின் மகள் எலிசபெத், தர்ல்ஸ்டேன் ஸ்காட் குடும்பத்து வில்லியமை மணந்தார். எலிசபெத் தாய்க்கு முன்பே இறந்ததால் லார்டு வரிசையில் எண் பெறவில்லை. 1706இல் மார்கரெட் இறந்ததும் எலிசபெத்தின் மகன் பிரான்சிஸ் ஸ்காட், அம்மாவைப் பெற்ற பாட்டியிடமிருந்து பட்டத்தைப் பெற்று நேப்பியர் என்று பெயர் மாற்றிக்கொண்டார்.

பாலத்து நேப்பியர் லாகரிதம் ஜானின் நேர் வழித்தோன்றல்தான், ஒன்பது தலைமுறை கீழே. ஆனால் நடுவில் இரண்டு பெண்கள். அப்பா வழியில் மட்டும் ஏறினால் அவர் ஸ்காட். 1872இல் தனக்கென வாங்கிய ஐக்கிய ராஜ்யப் பட்டத்துக்கு 'எட்ரிக்' என்று பெயர் வைத்ததைக் கவனியுங்கள்; எட்ரிக் பள்ளத்தாக்கு தர்ல்ஸ்டேன் ஸ்காட்டுகளின் மண்.

பழையகணக்கு எழுதியது:

மேலே சொன்னதில் திருத்தம் இல்லை. 'மார்கரெட் பிரிஸ்பேன்' என்ற பெயரில் மட்டும் ஒரு பொறி இருக்கிறது. ஸ்காட்லாந்தில் பெண்கள் திருமணத்துக்குப் பிறகும் சட்ட ஆவணங்களில் பிறந்த வீட்டுப் பெயரையே எழுதினார்கள். மார்கரெட் மணந்தது ஜான் பிரிஸ்பேன் என்பவரை. பிற்காலப் பட்டியல்கள் கணவர் பெயரை ஒட்டியதால், பலர் அவருடைய அப்பாவைப் பிரிஸ்பேன் குடும்பத்தில் தேடி மாதக்கணக்கில் அலைகிறார்கள். ஆவணத்தில் மார்கரெட் நேப்பியர் என்றே தேடுங்கள். நேப்பியரையும் நேப்பர், நெப்பெர், நேப்பெயர் என்று கண்டபடி எழுதியிருப்பார்கள். நட்சத்திரக் குறி போட்டுத் தேடினால்தான் சிக்கும்.

எங்கிருந்து தொடங்குவது? ஒன்பது தொகுதிகளாக 1904 முதல் 1914 வரை வந்த பால்ஃபர் பாலின் 'ஸ்காட்ஸ் பியரேஜ்' என்ற பிரபு குடும்ப வரலாற்று நூல். ஒன்பதாவது தொகுதி முழுக்க அகரவரிசை அட்டவணையும் திருத்தங்களும். 1764இல் வந்த டக்ளஸின் பழைய நூலைவிட இதை நம்பலாம், காரணம் அடிக்குறிப்பு. ஒவ்வொரு வரிக்கும் எந்தப் பதிவேடு என்று இருக்கும். அடிக்குறிப்பு இல்லாத வரியைப் பென்சிலில் மட்டும் எழுதுங்கள்.

அடுத்து மூல ஆவணம். அரசர் தந்த சாசனங்களைப் பதிந்த அரச முத்திரைப் பதிவேட்டின் அச்சுத் தொகுதிகள் 1306இல் தொடங்கி 1668இல் நின்றுவிடும். 1677 சாசனம் அதில் கிடைக்காது, எடின்பரோவிலுள்ள ஸ்காட்லாந்து தேசிய ஆவணக் காப்பகத்தின் கையெழுத்துப் பதிவேட்டில்தான் பார்க்க வேண்டும். நகல் கேட்கும்போது ஆண்டை மட்டும் கொடுக்காமல் பட்டத்தின் பெயர், சரண் கொடுத்தவர் பெயர் இரண்டையும் கொடுங்கள்.

நிலத்துக்கு 'ரிட்டூர்' உண்டு. இறந்தவருக்கு யார் வாரிசு என்று நடுவர் குழு விசாரித்து அனுப்பிய முடிவு அது. 1700 வரையுள்ளவற்றின் சுருக்கம் 1811 முதல் 1816 வரை மூன்று தொகுதிகளாக அச்சானது. லத்தீன், ஆனால் வாக்கியம் ஒரே அச்சு, இருபது சொல் தெரிந்தால் போதும். குறிப்பிட்ட நிலத்துக்கானவை மாவட்ட வாரியாகவும், வாரிசுரிமையை மட்டும் சொல்பவை பொதுப் பிரிவிலும் இருக்கும். இரண்டையும் பாருங்கள். இதில் இரண்டு தவறு எல்லோரும் செய்வது. ரிட்டூரின் தேதியை இறந்த தேதி என்று எடுத்துக்கொள்வது ஒன்று. விசாரணை சில நேரம் பல ஆண்டு கழித்தே நடக்கும். ரிட்டூர் இல்லையென்றால் வாரிசே இல்லை என்று முடிவு கட்டுவது இன்னொன்று. அரசரிடமிருந்து நேரடியாக இல்லாமல் வேறொரு பிரபுவின் கீழ் நிலம் வைத்திருந்தால், அந்தப் பிரபுவே வாரிசை ஏற்று எழுத்துக் கொடுத்துவிடுவார், விசாரணையே நடந்திருக்காது. அப்படிப்பட்ட இடத்தில் 1617இல் தொடங்கும் சேசின் பதிவேட்டுக்குப் போங்கள், நம் பத்திரப் பதிவுபோல நிலம் கைமாறியதைச் சொல்லும்.

கடைசியாக டெஸ்டமென்ட், அதாவது இறந்தவரின் அசையும் சொத்து பற்றிய நீதிமன்றப் பதிவு. 1513 முதல் 1925 வரையுள்ளவை 'ஸ்காட்லாண்ட்ஸ் பீப்பிள்' தளத்தில் இருக்கின்றன. தேடல் இலவசம், படத்துக்குக் காசு. 1868 வரை நிலத்தை உயிலில் எழுத முடியாது. டெஸ்டமென்ட் பேசுவது பணம், பாத்திரம், ஆடுமாடு, கடன் பற்றி மட்டும். நிலம் பெறும் மூத்த மகனுக்கு அசையும் சொத்தில் பொதுவாகப் பங்கில்லை, அதனால் அவர் பெயரே வராமல் போகலாம். பெயர் இல்லையே, செத்துவிட்டார் போல என்று மரத்தில் மூத்தவரைச் சாகடிப்பது இந்தத் துறையின் நிரந்தரக் கொலைவழக்கு. வெளிநாட்டில் இறந்தவர்களின் டெஸ்டமென்டை உள்ளூர்ப் பதிவில் தேடாமல் எடின்பரோ கமிஷனரி நீதிமன்றப் பதிவில் தேட வேண்டும்.

கூவக்கரை எழுதியது:

நன்றி ஐயா, இரண்டு பேருக்கும். ரிட்டூரில் உறவைக் குறிக்கும் லத்தீன் சொற்களுக்கு ஆங்கில அகராதி 'அங்கிள்', 'ஆன்ட்', 'நெஃப்யூ' என்றே சொல்கிறது. அதை வைத்து எந்தப் பக்கத்து உறவு என்று எப்படிப் பிரிப்பது?

பழையகணக்கு எழுதியது:

ஆங்கிலம் வழியாகப் போகாதீர்கள், நேரே தமிழுக்கு வாருங்கள். லத்தீனும் நம்மைப் போலவே பக்கம் பிரிக்கும். அவுங்குலுஸ் என்றால் தாய்மாமன். பத்ருவுஸ் என்றால் பெரியப்பா அல்லது சித்தப்பா. அமிதா அத்தை. மாதெர்தெரா பெரியம்மா அல்லது சித்தி. நான்காவது லார்டுக்கு மூன்றாவது லார்டு அவுங்குலுஸ், மார்கரெட் மாதெர்தெரா. 'அங்கிளிடமிருந்து பெற்றார்' என்று ஆங்கிலத்தில் படித்தவர்கள்தான் அவரை அப்பா பக்கத்து வாரிசாக்கி, நிக்கல்சனை நேப்பியர் கிளை என்று வரைந்துவிடுகிறார்கள்.

நம்ப முடியாத ஒரே சொல் நெப்போஸ். சில இடத்தில் பேரன், சில இடத்தில் சகோதரன் அல்லது சகோதரி மகன். ஆண்டு வித்தியாசத்தை வைத்தே முடிவு செய்ய வேண்டும். ஸ்காட்ஸ் மொழி ஆவணத்தில் 'ஓய்' வந்தால் பேரன், 'குட்சயர்' தாத்தா, 'ஈம்' தாய்மாமன், 'குட்பிரதர்' மைத்துனன். 'பிரதர் ஜெர்மன்' கூடப்பிறந்தவன். ஜெர்மனிக்காரன் என்று மொழிபெயர்த்த மரமும் இணையத்தில் உண்டு.

தேதியும் கவனம். 1600 முதல் ஸ்காட்லாந்தில் ஆண்டு ஜனவரி 1இல் பிறக்கும்; இங்கிலாந்தில் 1752 வரை அது மார்ச் 25. முதலாம் சார்லஸ் கொல்லப்பட்ட ஜனவரி 30, எடின்பரோ ஏட்டில் 1649, லண்டன் ஏட்டில் 1648. ஜனவரி முதல் மார்ச் வரை தேதி வந்தால் ஏடு எந்த ஊர் என்று பார்த்துவிட்டு எழுதுங்கள்.

நெல்லிக்கொடி எழுதியது:

குறுக்கே ஒரு சந்தேகம். ஒன்றுக்கு மேற்பட்ட சகோதரிகள் இருந்தால் பட்டம் யாருக்கும் போகாமல் தொங்கலில் நிற்கும் என்றுதான் படித்திருக்கிறேன். இங்கே மூத்தவள் வழிக்கு எப்படி நேராகப் போனது?

சாசனப்பெட்டி எழுதியது:

நீங்கள் படித்தது இங்கிலாந்துச் சட்டம். அங்கே பழைய 'பாரன்' (Baron) பட்டங்கள் சகோதரிகளுக்கிடையே தொங்கும். ஸ்காட்லாந்தில் நிலம் சகோதரிகளுக்குச் சமமாகப் பிரியும், ஆனால் பெண்வழி செல்லும் பட்டம் மூத்தவளுக்கு முழுதாகப் போகும். நேப்பியர் விஷயத்தில் சாசனமே வரிசையைச் சொல்லிவிட்டதால் அந்தப் பேச்சுக்கே இடமில்லை.

பட்டங்கள் ஒருவரிடமே சேர்ந்திருந்தாலும் ஒவ்வொன்றும் தன் தன் சாசனப்படி பிரியும். சதர்லாந்தில் 1963இல் ஐந்தாவது ட்யூக் இறந்ததும், ட்யூக் பட்டம் ஆண்வழியில் எல்ஸ்மியர் பிரபுவிடம் போனது. பழைய ஏர்ல் பட்டமோ தம்பி மகள் எலிசபெத்திடம் வந்து அவர் கவுண்டஸ் ஆனார். மார் பட்டத்தில் சண்டை முற்றி, 1885இல் நாடாளுமன்றம் தனிச் சட்டம் போட்டு, ஒரே பெயரில் இரண்டு ஏர்ல் பட்டம் உண்டு என்று அறிவிக்க வேண்டியதாயிற்று.

நேப்பியரிலும் அதே கதைதான். 1627இல் முதல் லார்டுக்கு நோவா ஸ்கோஷியா பேரனெட் பட்டமும் (பரம்பரையாக வரும் 'சர்' பட்டம்) கிடைத்திருந்தது. அது ஆண்வழிக்கு மட்டும். 1683இல் லார்டு பட்டம் நிக்கல்சனிடம் போக, பேரனெட் பட்டம் கேட்பாரற்றுக் கிடந்தது. 1817இல்தான் வில்லியம் மில்லிக்கன் நேப்பியர் ஆண்வழி வாரிசு என்று நிரூபித்து அதை எழுப்பினார். ஆறாவது லார்டின் வம்சத்துக்கும் ஒரு பேரனெட் பட்டம் உண்டு, ஆனால் அது ஸ்காட் வீட்டு 1666 பட்டம். இரண்டையும் ஒன்றாக்கிவிடாதீர்கள்.

அப்பாவிடமிருந்து மகனுக்கு மட்டும் போகும் ஒய் குரோமோசோம் சோதனை முடிவுகளை மரத்தோடு ஒப்பிடுகிறவர்களுக்கும் இது பொருந்தும். இன்றைய லார்டு நேப்பியர் வழி ஆண்களிடம் பொருந்த வேண்டியது ஸ்காட்டுகளின் குறி. சிந்துவை வென்ற சார்லஸ் நேப்பியரும் ஆறாவது லார்டின் மகன் வழிப் பேரன் என்பதால் அதே கணக்கு. லாகரிதம் ஜானின் குறியைத் தேடுகிறவர்கள் பேரனெட் கிளையின் ஆண்களைத்தான் பிடிக்க வேண்டும்.

கூவக்கரை, உங்கள் மரத்தில் எலிசபெத்துக்கு ஒரு பெட்டி போட்டு 'மிஸ்ட்ரஸ் ஆஃப் நேப்பியர்' என்று எழுதுங்கள். பட்டத்துக்கு அடுத்த வாரிசான பெண்ணுக்கு அங்கே அதுதான் பெயர், ஆணென்றால் 'மாஸ்டர்'. எண்ணிட்ட லார்டுகளை மட்டும் வரிசையாகக் கோத்தால் அவர் விழுந்துவிடுவார். அவர் விழுந்த இடத்தில்தான் எல்லா மரமும் அறுகிறது.

கூவக்கரை எழுதியது:

பெட்டி போட்டாயிற்று. மார்கரெட்டின் பெயரையும் நேப்பியர் என்று மாற்றிவிட்டேன். 1677 சாசனத்துக்கு எடின்பரோவுக்கு இன்று எழுதுகிறேன்.